கோழி வாங்குவோர் கவனத்துக்கு



வேலியோரத்தில் ஒரு கூடு, முற்றத்தில் மேயும் நாலைந்து பேடுகள், அவற்றுக்குக் காவலாக ஒரு சேவல்: நமது கிராமத்து வீடுகள் பலவற்றில் நாம் காணும் காட்சி இது. பார்ப்பதற்குச் சிறியதாகத் தோன்றினும், இச்செல்வம் ஒரு குடும்பத்துக்கு எத்துணை உதவியானது என்பதை அக்குடும்பத்துத் தாய்மாரே நன்கறிவர். பிள்ளைக்கு ஒரு முட்டை, விருந்தினருக்கு ஒரு கறி, அவசரத் தேவைக்குக் கையில் சிறிது பணம் ஆகிய மூன்றும் அந்தச் சிறு கூட்டிலிருந்தே கிடைக்கின்றன. ஆகையினால், அக்கூட்டினுள் புதிதாக ஒரு கோழியைக் கொண்டுவந்து சேர்ப்பது மிகுந்த கவனத்துடன் செய்யவேண்டிய காரியமாகும். விற்பவரிடம் கோழி வாங்கும்போது நாம் எவற்றைப் பார்க்க வேண்டும், எவற்றைக் கேட்க வேண்டும், வாங்கிய பின் யாது செய்ய வேண்டும் என்பன பற்றி இன்று உங்களுடன் பேச விழைகின்றேன்.

முதலில் என் சிறுபிராயத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். எங்கள் வீட்டில் ஆறு பேடுகளும் ஒரு சேவலும் இருந்தன. முட்டைகளை அன்னையார் அயலிலிருந்த கடைக்குக் கொடுப்பார். அதனால் வரும் காசு ஒரு தகரப் பேணியில் சேரும். எங்கள் பள்ளிக்கூடக் கொப்பிகளும் பென்சில்களும் அந்தப் பேணியிலிருந்தே வந்தன. தைப்பொங்கலுக்குச் சில நாட்களின் முன், அந்திசாயும் வேளையில், கோழி வியாபாரி ஒருவர் துவிச்சக்கர வண்டியில் எங்கள் ஒழுங்கையால் வந்தார். கூடையில் ஒரேயொரு பேடு எஞ்சியிருந்தது. “கடைசிக் கோழி, கேட்ட விலைக்குத் தருகிறேன்” என்றார். விலை மலிவு, கோழியும் பார்வைக்குக் குற்றமற்றதாகவே தோன்றிற்று. அன்னையார் அதை வாங்கி, அன்றிரவே மற்றக் கோழிகளுடன் கூட்டில் அடைத்துவிட்டார்.

ஐந்து நாட்கள் சென்றன. புதிய பேடு இறகுகளைச் சிலுப்பிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கிற்று. அடுத்த நாள் பச்சை நிறமாக நீர்போல எச்சமிட்டது. அதற்கடுத்த நாள் இறந்தது. பின்னர் எங்கள் பேடுகளிலும் அதே குறிகள் தோன்றின. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. மற்றொன்று கால் விளங்காமல் விழுந்து கிடந்தது. இரு வாரங்களுக்குள் எஞ்சியவை இரண்டு பேடுகள் மாத்திரமே. ஒரு கோழியை மலிவாக வாங்கி, நாலு பேடுகளையும் சேவலையும் நாம் இழந்தோம்.

அந்நோய் இராணிக்கெட் நோய் எனப்படுவது. 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாத் தீவிலும் அது முதன்முதலாக அவதானிக்கப்பட்டது. மறு ஆண்டில், இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரிலே காணப்பட்டமையால், நமது பக்கங்களில் இப்பெயர் நிலைத்தது. இந்நோயை உண்டாக்கும் வைரசுக் கிருமி கோழியின் உடலிற் புகுந்தபின் குறிகள் வெளிப்படப் பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள் செல்லும். சிலவேளைகளில் இரண்டு நாட்களிலும் தோன்றலாம். பதினைந்து நாட்கள் வரை தாமதிக்கவும் கூடும். ஆகவே, விற்பவரின் கூடையில் நலமாக நிற்கும் கோழி, நோயை ஏற்கெனவே தன்னுட் கொண்டிருக்கக்கூடும். கோழி வாங்குவோர் மனத்திற் பதிக்கவேண்டிய முதல் உண்மை இதுவே. வாங்கும் கோழியின் விலை மட்டுமன்று, வீட்டில் நிற்கும் கோழிகள் யாவற்றின் உயிரும் அந்தப் பேரத்தில் அடங்கியிருக்கின்றது.

இனி, எங்கே வாங்குவது என்பதைப் பார்ப்போம். இயலுமாயின் கோழி பிறந்து வளர்ந்த இடத்துக்கே சென்று வாங்குவது உத்தமம். அங்கே நீங்கள் வாங்கப்போகும் கோழியை மாத்திரமன்றி, அதன் கூட்டாளிகளையும், கூட்டையும், தண்ணீர்ப் பாத்திரத்தையும் காணலாம். பத்துக் கோழிகளுள் ஒன்று தும்மினாலும் மற்ற ஒன்பதையும் ஐயத்துடன் நோக்க வேண்டும். சந்தையிலோ நிலைமை வேறு. பல ஊர்களிலிருந்து வந்த பறவைகள் ஒரே கூடையில் நெருங்கி நின்று, ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. காலையில் நோயின்றி வந்த கோழி மாலையில் நோயைத் தாங்கிச் செல்லலாம். சந்தையில்தான் வாங்கவேண்டுமெனில், அதிகாலையிலே செல்லுங்கள். கூட்டத்தில் நாள் முழுவதும் நின்ற கடைசிக் கோழிக்காகக் காத்திருத்தல் ஆகாது.

கோழியைக் கையில் எடுக்க அவசரப்பட வேண்டாம். சற்றுத் தூரத்தில் நின்று ஐந்து நிமிடமாவது அமைதியாகப் பாருங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் வளர்க்கும் கோழியின் மூதாதை காட்டிலே வாழ்ந்த செங்காட்டுக்கோழி. பருந்துக்கும் நரிக்கும் அஞ்சி வாழும் பறவை, தன் பலவீனத்தை வெளிக்காட்டினால் உயிர் தப்பாது. அவ்வியல்பு வீட்டுக்கோழியிலும் இன்றுவரை நிலைத்திருக்கின்றது. மனிதர் நெருங்கியதும் நோயுற்ற கோழியுங்கூடத் தலை நிமிர்த்தி, கண் விழித்து, சுகமாயிருப்பது போலத் தோன்றும். ஆள் அகன்றதும் மறுபடியும் கண் செருகும். ஆகையினாலேயே தூரத்துப் பார்வை வேண்டும் என்கிறேன். நலமான கோழி ஓயாது இயங்கும், நிலத்தைக் கிளறும், சிறகைக் கோதும், தீனி வீசினால் ஓடிவரும். நோயுற்றதோ தோள் குறுகி, சிறகு தொங்கி, வாலைத் தாழ்த்தி, இறகுகளை உப்பவைத்து நிற்கும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழியைக் கண்டு பலர் மயங்குவதுண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயில் மிகுந்தால் வாயைத் திறந்து, சிறகுகளை உடம்பினின்றும் சற்றே விலக்கி, வேகமாக மூச்சுவிட்டே உடலைக் குளிர்விக்கும். இது நோயன்று, நிழலில் வைத்துத் தண்ணீர் கொடுத்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால், குளிர்ந்த காலைப்பொழுதிலும் கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் கறகறவென்ற ஒலி எழுப்பி வாய் பிளக்குமாயின், அது சுவாச நோயின் அறிகுறி. அத்தகைய கோழியை விட்டு நீங்குவதே அறிவுடைமை.

தூரத்துப் பார்வையில் தேறிய கோழியை இனிக் கையில் எடுக்கலாம். காலிற் பிடித்துத் தலைகீழாகத் தூக்குதல் கூடாது. ஒரு கையை மார்பின் கீழ்க் கொடுத்து, மற்றக் கையாற் சிறகுகளை அணைத்துப் பிடியுங்கள். முதலில் தலையை நோக்குவோம். கண்கள் ஈரமின்றி, ஒளியுடன், இரண்டும் ஒரே தன்மையாக இருத்தல் வேண்டும். கண்மணியைச் சூழ்ந்த வளையம் சாம்பல் நிறமாகி, கண்மணியின் வட்டம் கோணலாகத் தெரிந்தால், அது மறெக் நோயாக இருக்கலாம். 1907ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்த ஹங்கேரி நாட்டு அறிஞர் ஜோசப் மறெக்கின் பெயரால் இஃது அழைக்கப்படுகின்றது. ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டி விழுந்து கிடத்தல் இந்நோயின் இன்னொரு குறி.

மூக்குத் துவாரங்கள் உலர்ந்து சுத்தமாயிருக்க வேண்டும். சளி வடிதல், கண்ணின் கீழ் முகம் வீங்குதல், மூக்கருகே துர்நாற்றம் வீசுதல் ஆகியன கோழிச் சளிநோயின் அடையாளங்கள். “சளி இருந்தது, இப்போது மாறிவிட்டது” என்று விற்பவர் கூறினால் அதை ஆறுதலாகக் கொள்ளவேண்டாம். இந்நோயிலிருந்து தேறிய கோழி, வெளித்தோற்றத்தில் நலமாயிருந்தும், கிருமியை நெடுங்காலம் தாங்கி மற்றவற்றுக்குப் பரப்ப வல்லது. கொண்டைப்பூவும் தாடியும் நல்ல சிவப்பாயிருத்தல் நலம். ஆயினும் இதிலே ஒரு நுட்பம் உண்டு. அடைக்கு இருக்கும் பேட்டுக்கும், இறகு உதிர்க்கும் பேட்டுக்கும், இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பேட்டுக்கும் கொண்டைப்பூ சிறிது வெளிறிச் சுருங்கியே இருக்கும். இவை நோயல்ல. நீலமாகக் கறுத்திருப்பதும், காகிதம்போல முற்றாக வெளுத்திருப்பதுமே அஞ்சத்தக்கவை. பூவிலும் முகத்திலும் கரிய பொருக்குகள் பல இருந்தால் அது கோழி அம்மையாகலாம். நுளம்புகள் மூலமும் அது பரவும்.

கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவு முழுதும் உறங்கிய கோழிக்குக் காலையில் அது வெறுமையாக இருப்பதே இயல்பு. தீனி உண்ணுமுன் கல்லுப்போல் இறுகியோ, நீர் நிறைந்த பைபோலத் தளர்ந்து புளித்த வாடை வீசியோ இருக்குமாயின் செரிமானக் கோளாறு உண்டெனக் கொள்ளலாம். நிறுத்து விற்கும் இடங்களில், பாரம் கூட்டுவதற்காகத் தீனியைத் திணித்துக் கொண்டுவருவோரும் உளர் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அடுத்து மார்பெலும்பை விரலால் வருடுங்கள். இருபுறமும் சதை நிறைந்திருப்பின் நன்று. எலும்பு கத்தியின் விளிம்புபோலத் துருத்திக்கொண்டிருந்தால், அக்கோழி பல நாட்களாக மெலிந்து வருகின்றது. இறகுகள் உடம்பை மறைத்திருப்பதால் கண் ஏமாறும்; விரல் ஏமாறாது.

பின்னர் வாலின் கீழுள்ள இறகுகளை விலக்கிப் பாருங்கள். அவ்விடம் சுத்தமாயிருத்தல் வேண்டும். பச்சை அல்லது வெள்ளை எச்சம் அப்பியிருப்பின் கழிச்சல் உண்டு. இளங்குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் கலந்திருந்தால், ஈரமான தரையிற் பெருகும் இரத்தக் கழிச்சல் நோய் என ஐயுறவேண்டும். இறகுகளின் அடியில் வெண்ணிறக் கொத்துக்கள் ஒட்டியிருந்தால் அவை பேனின் முட்டைகள். கால்களின் செதில்கள் வழுவழுப்பாகப் படிந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்து மேலெழுந்திருப்பின், செதில்களின் கீழ் ஒருவகை நுண்ணிய சிற்றுயிர் குடிகொண்டுள்ளது. பேனுக்கும் இதற்கும் பரிகாரம் உண்டு. இவற்றுக்காக மட்டும் நல்ல கோழியைத் தள்ளவேண்டியதில்லை. ஆனால், பரிகாரம் செய்து முடியும்வரை மற்றவற்றோடு சேர்க்கலாகாது.

முட்டைக்காகவே கோழி வாங்குகிறோமெனில், வயதையும் முட்டையிடும் நிலையையும் அறிதல் அவசியம். இளங்கோழியின் மார்பெலும்பு நுனி வளைந்து கொடுக்கும். முதிர்ந்ததற்கு அது இறுகிவிடும். எச்சத்துவாரத்தின் இருபக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் உள்ளன. அவற்றின் இடையே இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழையுமாயின், பேடு முட்டையிடுகின்றது. ஒரு விரல் மாத்திரமே நுழைந்தால், இன்னும் தொடங்கவில்லை, அன்றேல் நிறுத்திவிட்டது. முட்டையிடும் பேட்டின் எச்சத்துவாரம் அகன்று ஈரமாயிருக்கும். இடாததற்குச் சுருங்கி உலர்ந்திருக்கும். வைற் லெக்கோண், றோட் ஐலண்ட் றெட் முதலிய மஞ்சட் கால் இனங்களிலே இன்னுமோர் அடையாளம் உண்டு. முட்டையிடத் தொடங்கியதும் அவற்றின் மஞ்சள் நிறம் முதலில் எச்சத்துவாரத்திலும், பின்னர் கண் விளிம்பிலும், அதன்பின் அலகிலும், ஈற்றிற் காலிலும் படிப்படியாக வெளுக்கும். ஆகவே, வெளுத்த கால் கொண்ட லெக்கோண் பேட்டைக் கண்டால் நோயென எண்ணவேண்டாம். அது பல மாதம் உழைத்த பேடு. அதேவேளை, அதன் நல்ல காலத்தின் ஒரு பகுதி கழிந்துவிட்டது என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள். கருங்கால் நாட்டுக்கோழிகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது.

குஞ்சுகள் வாங்குவோருக்கும் ஒரு சொல். நல்ல குஞ்சு உலர்ந்த மெல்லிறகும் ஒளிபொருந்திய கண்களும் கொண்டு, இரு காலிலும் உறுதியாக நிற்கும்; மல்லாத்திவிட்டால் உடனே புரண்டு எழும். வயிற்றைப் பாருங்கள்: தொப்புள் மூடி உலர்ந்திருக்க வேண்டும். அது திறந்து ஈரமாகவும், வயிறு ஊதியும் இருந்தால் அக்குஞ்சு நெடுநாள் தங்காது. பொரிப்பகத்திலிருந்து வாங்கினால், மறெக் நோய்க்கு முதல்நாளிலேயே தடுப்பு மருந்து ஏற்றப்பட்டதா எனக் கேளுங்கள்.

கேட்கவேண்டிய வேறு வினாக்களும் உள. இக்கோழி எங்கே வளர்ந்தது? வயது என்ன? இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா, எப்போது? ஏன் விற்கிறீர்கள்? நேர்மையான விற்பனையாளர் இவ்வினாக்களால் மனம் நோகமாட்டார். தன் கோழிகளைப் பேணி வளர்த்தவருக்கு அவற்றைப் பற்றிக் கூறுவதில் மகிழ்ச்சியே உண்டாகும். விடை மழுப்பலாக வருமாயின், வெறுங்கூடையுடன் வீடு திரும்புவதில் வெட்கமில்லை. மெலிந்து வாடிய கோழியைக் கண்டு இரக்கப்பட்டு வாங்குவோரும் நம்மிடையே உண்டு. அவ்விரக்கத்தின் விலையை வீட்டிலுள்ள கோழிகளே செலுத்த நேரிடும்.

இவையெல்லாம் பார்த்து வாங்கிய பின்னரும், கண்ணுக்குப் புலப்படாத நோய் எஞ்சியிருக்கலாம் என்று முன்னரே கூறினேன். ஆகையாற் புதிய கோழியை மூன்று வாரங்கள் தனியே வைத்திருத்தல் வேண்டும். வீட்டின் மறுபுறத்தில், மற்றக் கோழிகள் அணுகாதவாறு, ஒரு கரப்பின் கீழோ சிறு கொட்டிலிலோ வைக்கலாம். தீனிப் பாத்திரமும் தண்ணீர்ப் பாத்திரமும் வேறாக இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வைத்து, அதன் பின்பே புதியதிடம் செல்லுங்கள், மாறிச் செல்லவேண்டாம். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், செருப்பையும் கழுவுங்கள். வியாபாரியின் கூடையையோ சாக்கையோ கோழிக்கூட்டருகே கொண்டுவராதீர்கள். மூன்று வாரமும் உண்டு, கிளறி, நல்ல எச்சமிட்டு நிற்குமாயின், பின்பு மற்றவற்றுடன் சேர்க்கலாம்.

அத்துடன், புதிய கோழி வருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே வீட்டுக் கோழிகளுக்கு இராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கொடுத்துவிடுங்கள். கண்ணில் ஒரு துளி விடும் மருந்தும் உண்டு. உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் இதுபற்றி விசாரிக்கலாம். தடுப்பு மருந்து பெற்ற கோழி நோயால் இறவாது தப்பினும், கிருமியைச் சுமந்து வரக்கூடும். எனவே “மருந்து போட்ட கோழி” என்ற காரணத்தால் மூன்று வாரத் தனிமையைக் கைவிடுதல் தவறாகும்.

நேயர்களே! முடிக்குமுன், என் கதையில் எஞ்சிய பகுதியைக் கூறவேண்டும். எங்கள் கூட்டில் இரு பேடுகள் மிஞ்சியபோது, அயல்வீட்டு ஆச்சி ஒருவர் வந்து, “இவையும் சாகமுன்னம் சந்தையில் கொடுத்துவிடு பிள்ளை, போட்ட காசாவது வரும்” என்று அன்போடுதான் சொன்னார். பலரும் செய்வது அதுவே. ஓரிடத்தில் நோய் கண்டதும், மற்றவற்றை விரைந்து விற்றுவிடுகின்றனர். அதனாலேயே நோய் பரவும் காலங்களில் சந்தையிற் கோழி மலிகின்றது. அந்த மலிவை நம்பி வாங்குவோரின் முற்றத்துக்கு நோய் செல்கின்றது. எங்களிடம் வந்த அந்தக் கடைசிக் கோழியும் எவரோ ஒருவரின் கூட்டிலிருந்து அவ்வாறு புறப்பட்டதாகவே இருக்கலாம்; விற்ற வியாபாரியும் அதை அறியாதிருந்திருக்கலாம்.

அன்னையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “வாங்கிக்கொண்டு போறவளும் என்னைப் போல ஒருத்திதானே, ஆச்சி” என்றார். இறந்தவற்றை ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தார். பழைய கூட்டை எரித்தார். இரு பேடுகளையும் விற்காமல் வைத்துப் பராமரித்தார். கொப்பிக் காசுப் பேணி அவ்வாண்டு முழுதும் வெறுமையாகவே இருந்தது.

உங்கள் வீட்டில் கோழிகள் அடுத்தடுத்து நோயுற்றால், அவற்றை விற்காதீர்கள், அயலாருக்குக் கொடுக்காதீர்கள், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமலும், வாய்க்காலிலோ தெருவோரத்திலோ வீசாமலும் புதைத்துவிட்டு, கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். வாங்கும்போது நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் நேர்மையை, விற்கும்போது நாமும் காட்டுவோமாயின், நமது ஊர்ச் சந்தைகளிற் கோழி வாங்குவது இன்று போல் அச்சத்துக்குரிய காரியமாக இராது.